ரன்னிமீட் விமானப்படை நினைவகம்

இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவிலிருந்தும் வடமேற்கு ஐரோப்பியத் தளங்களிலிருந்தும் பறந்து மாண்டு, கல்லறை எங்கென்று அறியப்படாத 20,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரின் பெயர்களைத் தாங்கி நிற்பது ரன்னிமீட் நினைவகம். இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில், எகாம் நகருக்கு அருகே, கூப்பர்ஸ் ஹில் என்னும் குன்றின்மேல் அமைந்துள்ளது. அடிவாரத்தில் தேம்ஸ் ஆற்றை ஒட்டிய புல்வெளியில்தான் 1215இல் ஜான் மன்னர் மாக்னா கார்ட்டா என்னும் உரிமைச் சாசனத்துக்கு முத்திரையிட்டார். இதே குன்றில் 1872 முதல் 1906 வரை அரச இந்தியப் பொறியியல் கல்லூரி இயங்கியது. இந்தியப் பொதுப்பணித் துறைக்கு வந்த ஆங்கிலேயப் பொறியாளர் பலர் அங்கே பயின்றவர்கள்.

உடல் கிடைக்காதவருக்கும் பெயரளவிலாவது ஓர் இடம் வேண்டும் என்ற கொள்கை முதல் உலகப் போரில் உருவானது. அதற்கு முன் சாதாரணச் சிப்பாய் பொதுக்குழியில் புதைக்கப்பட்டு மறக்கப்படுவதே வழக்கம். ஃபேபியன் வேர் என்பவரின் விடாமுயற்சியால் 1917 மே 21 அன்று பேரரசுப் போர்க் கல்லறை ஆணையம் (இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம்) அரச சாசனம் பெற்றது. உடல்களைத் தாயகம் கொண்டுவருவதில்லை, தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், உடல் கிடைக்காதவர் பெயர் நினைவுச் சுவரில் என்பன அதன் விதிகள். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல்லாயிரம் பேருக்கு இந்தச் சமநிலை மறுக்கப்பட்டதை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. 1927இல் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரில் திறக்கப்பட்ட மெனின் வாயில் ஏறத்தாழ 54,000 பெயர்களைக் கொண்டது. விமானிகளுக்கெனத் தனியே எழுந்தது 1932இல் திறக்கப்பட்ட அராஸ் விமானப் படையினர் நினைவகம். 1918 ஜூலை 26 அன்று சுட்டு வீழ்த்தப்பட்ட புகழ்பெற்ற விமானி எட்வர்ட் மேனக் உட்பட ஏறத்தாழ ஆயிரம் பேரின் பெயர்கள் அதில் உள்ளன.

இரண்டாம் உலகப் போரில் வான்படை பன்மடங்கு பெருகியது, காணாமற்போனோரும் பெருகினர். ஒரு லாங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் வீழ்ந்தால் பெரும்பாலும் ஏழு குடும்பங்களுக்குத் தந்தி போயிற்று. தந்தியில் இருந்தது இறப்புச் செய்தி அன்று, ஆள் காணவில்லை என்பது மட்டுமே. மாதங்கள் கழிந்தபின்தான் இறந்ததாகக் கொள்ளும் முடிவு வரும். போர் முடிந்ததும் அரச விமானப்படையின் காணாமற்போனோர் ஆய்வுப் பிரிவு ஐரோப்பா முழுவதும் தேடியது. எந்திரத்தில் பொறித்த எண்ணைக் கொண்டு விமானம் எதுவென்று கண்டார்கள். சட்டைக் காலரில் சலவைக்காக இட்ட குறி, பல்வரிசை, பதவிச் சின்னம் ஆகியவற்றைக் கொண்டு ஆளை அடையாளம் கண்டார்கள். காணாமற்போன சுமார் 42,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோரின் கல்லறைகள் இவ்வாறு உறுதியாயின. போர் சார்ந்த ஆய்வுப் பணிகளில் இத்தனை பொறுமையும் கருணையும் கலந்த பணி வேறொன்றைச் சொல்வது அரிது. வட கடலிலும் ஆங்கிலக் கால்வாயிலும் அட்லாண்டிக்கிலும் மூழ்கியவர்களை மட்டும் எந்தத் தேடலாலும் மீட்க இயலவில்லை. பெயரற்ற கல்லின்கீழ் புதைக்கப்பட்டவர்களும் உண்டு. அத்தகையவரின் உடல் ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ கிடக்க, பெயர் மட்டும் ரன்னிமீட்டில் இருக்கிறது.

நினைவகத்தை வடிவமைத்தவர் கில்ஃபோர்ட் பேராலயத்தின் கட்டடக் கலைஞரான சர் எட்வர்ட் மாஃப். 1953 அக்டோபர் 17 அன்று அரசி இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார். நுழைவாயிலைக் கடந்தால் நாற்புறமும் சுற்றுமண்டபம். அதன் சாளரங்கள் குறுகியவை. இருபுறக் கற்களும் பாதி திறந்த புத்தகங்களைப் போலச் சாய்த்து அமைக்கப்பட்டு, அவற்றில் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றன. எதிர்ப்புறக் கோபுரத்தின் கீழ் வழிபாட்டுக் கூடம். அதன் வாயிலின் மேல் வெர்னான் ஹில் செதுக்கிய நீதி, வெற்றி, வீரம் ஆகிய மூன்று உருவங்கள். உள்ளே பெரிய கண்ணாடியில் ஜான் ஹட்டன் பொறித்த தேவதூதர்களும் விவிலியத்தின் 139ஆம் சங்கீத வரிகளும். மேல்மாடத்தில் நின்றால் தேம்ஸ் பள்ளத்தாக்கு விரிகிறது. வானில் மாண்டவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் வாய்த்திருக்க முடியாது.

பெயர்கள் காமன்வெல்த் நாடுகள் பலவற்றைச் சேர்ந்தவை. நாஜிகள் கைப்பற்றிய நாடுகளிலிருந்து தப்பிவந்து அரச விமானப்படையில் போரிட்டவர்களும் இடம்பெற்றுள்ளனர். 1942 ஜூலை 15 அன்று கால்வாயில் மூழ்கிய அயர்லாந்து விமானி பேடி ஃபினுகேன் இங்கே பெயர் பொறிக்கப்பட்டவர்களுள் ஒருவர். ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதல் பெண்ணான ஏமி ஜான்சன், 1941 ஜனவரி 5 அன்று மோசமான வானிலையில் வழிதவறித் தேம்ஸ் முகத்துவாரத்தில் வீழ்ந்தார், உடல் கிடைக்கவில்லை. திப்பு சுல்தானின் வழித்தோன்றலான நூர் இனாயத் கான், விமானப்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்தவர். பாரிசில் இரகசிய வானொலி இயக்குநராகப் பணியாற்றிப் பிடிபட்டு, 1944 செப்டம்பர் 13 அன்று டாகாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். முகாமில் உடல்கள் எரிக்கப்பட்டதால் அவருக்கும் கல்லறை இல்லை. 1949இல் அவருக்கு ஜார்ஜ் சிலுவை வழங்கப்பட்டது.

பிற போர்முனைகளுக்கு வேறு நினைவகங்கள் உண்டு: மத்தியதரைக் கடலுக்கு மால்டா (1954), வடக்கு ஆப்பிரிக்காவுக்கு அலமைன் (1954), தெற்கு, கிழக்கு ஆசியாவுக்குச் சிங்கப்பூரின் கிராஞ்சி (1957), வட அமெரிக்கப் பயிற்சித் தளங்களுக்கு ஒட்டாவா (1959).

ஒருவரின் எச்சம் பின்னர் அடையாளம் காணப்பட்டுப் பெயருடன் அடக்கம் செய்யப்பட்டால், கற்பலகை புதுப்பிக்கப்படும்போது அவர் பெயர் அதிலிருந்து நீக்கப்படும். நெதர்லாந்தில் கடலை வடித்து நிலமாக்கிய பகுதிகளில் இவ்வாறு விமானச் சிதைவுகள் பல கிடைத்துள்ளன. நினைவகத்தைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரித்துவருகிறது.