கெடா தோட்டங்கள்: போருக்குப் பிந்தைய சனநாயகம்

ஜப்பான் சரணடைந்த 1945 முதல் மலாயா விடுதலை பெற்ற 1957 வரையான காலத்தில், அந்நாட்டின் வடமேற்கு மாநிலமான கெடாவின் ரப்பர் தோட்டத் தமிழர் கூலிகள் என்ற நிலையிலிருந்து குடிமக்களாக உயர முயன்றனர். நாட்டில் பொதுத்தேர்தல் வருமுன்பே அவர்கள் தாமே கட்டிய அமைப்புகள் நசுக்கப்பட்டதால், புதிய சனநாயகத்தில் அவர்களின் குரல் மெலிந்தது.

பின்னணி

1941 டிசம்பரில் கெடாவின் ஜித்ராவில் பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் தோற்றது. வெள்ளைத் துரைமார் தோட்டங்களை விட்டு ஓடினர். ஜப்பானியர் மலாயாத் தோட்டத் தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசென்றனர், பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1943இல் கெடா சயாமின் ஆட்சிக்கு மாற்றப்பட்டது. அதே காலத்தில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்ட இளைஞர் படைப்பயிற்சியும் தன்மதிப்பும் பெற்றனர். போருக்குப் பின் திரும்பிய துரைமார் பழைய பணிவையே எதிர்பார்த்தனர். அரிசித் தட்டுப்பாடும் விலையேற்றமும் குறைந்த கூலியும் கொந்தளிப்பை வளர்த்தன.

தொண்டர் படை

பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் எழுந்த தொண்டர் படை கள்ளுக்கடை மறியல், சமூகச் சீர்திருத்தம், கூலிப் போராட்டம் ஆகியவற்றை இணைத்தது. கூலிப் பணத்தை விழுங்கிய கள்ளை ஒழிப்பது குடும்பங்களைக் காக்கும் வழியாகக் கருதப்பட்டது. 1947இல் வேலைநிறுத்தங்கள் பரவியபோது காவல்துறை கடுமையாகத் தாக்கியது. தொழிலாளர் உயிரிழந்தனர், சாமி கைதானார். 1948 ஜூனில் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க அவசரகாலம் அறிவிக்கப்பட்டது; அதே மாதத்தில் அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனமும் தடைசெய்யப்பட்டது. அதன் தலைவர் எஸ். ஏ. கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகும் வரை தோட்டத்தாருக்கு வலுவான பொது அமைப்பு இல்லை.

குடியுரிமையும் வாக்கும்

1948 கூட்டரசு ஒப்பந்தம் மலாய்க்காரர் அல்லாதோரின் குடியுரிமைக்குப் பிறப்பு, நீண்டகால வசிப்பு முதலிய நிபந்தனைகளை விதித்தது. இதனால் 1955 ஜூலைத் தேர்தலில் வாக்காளரில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரராக இருந்தனர். மலாய், சீன, இந்தியக் கட்சிகளின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. அவ்வாண்டு டிசம்பரில் கெடாவின் பாலிங்கில் கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரகுமான், கம்யூனிஸ்டுத் தலைவர் சின் பெங்குடன் நடத்திய பேச்சு முறிந்தது. அவசரகாலம் 1960 வரை நீடித்தது.

மெர்டேக்கா (விடுதலை) நாளிலிருந்து மலாயாவில் பிறந்தோர் குடியுரிமை பெற்றனர். முன்னரே பிறந்தவர் பலர் விண்ணப்பித்துப் பெற வேண்டியிருந்தது. பிறப்புச் சான்றிதழ் இல்லாமலும் விதிமுறை தெரியாமலும் விடுபட்ட தோட்டத்தார் குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையுடன் வாழ்ந்தனர். 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானதும் அத்தகையோர் பலர் தமிழகம் திரும்ப நேர்ந்தது.