டயருக்குள் எவ்வளவு காற்று?

நாங்கள் இருக்கும் புனே குடியிருப்பின் பார்க்கிங்கில் தூசி படிந்த சைக்கிள்கள் வரிசையாக நிற்கின்றன. ஆபீஸ் போகலாம் என்று ஆசையாக வாங்கியவைதான் பல. ஏன் எடுப்பதில்லை என்று கேட்டால், "ரோடு சரியில்லைங்க. முதுகு வலிக்குது, கை மரத்துப் போகுது" என்பார்கள். ரோடு சரியில்லை என்பது நிஜம். அதை நம்மால் மாற்ற முடியாது. டயரை மாற்றலாம், காற்றைக் குறைக்கலாம். ஆனால் இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஒல்லி டயர், கல் மாதிரி காற்று, அதுதான் வேகம் என்பது ஊறிப்போன நம்பிக்கை. இதற்குப் பதில் சைக்கிளின் சரித்திரத்திலேயே இருக்கிறது.

1860-களின் சைக்கிளுக்கு மரச் சக்கரமும் இரும்புப் பட்டையும்தான். நம்மூர் மாட்டுவண்டிச் சக்கரம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எலும்பை உலுக்கி' என்றே இங்கிலாந்தில் அதற்குப் பெயர். பிறகு கெட்டி ரப்பர் வந்தது. சத்தம் குறைந்தது, குலுக்கல் பெரிதாகக் குறையவில்லை.

1887-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், தன் பையனின் மூன்று சக்கர சைக்கிள் கல் பாவிய தெருவில் குலுங்காமல் ஓட வழி தேடினார். ரப்பர் குழாயில் காற்றடைத்து, துணி சுற்றி, ஒரு மரவட்டில் கட்டினார். அதையும் பழைய கெட்டி ரப்பர் சக்கரத்தையும் முற்றத்தில் உருட்டி விட்டார். பழைய சக்கரம் பாதியில் படுத்தது. காற்றுச் சக்கரம் எதிர்க்கோடி வரை ஓடிப் போய் முட்டியது. சொகுசுக்காகச் செய்தது, சுலபமாகவும் உருண்டது! 1888-ல் காப்புரிமை வாங்கினார். (ராபர்ட் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே வண்டிச் சக்கரத்துக்காக இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தது பிறகுதான் தெரிந்தது. டன்லப்பின் உரிமை செல்லாமல் போனது.)

1889-ல் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்தக் குண்டு டயரோடு பெல்ஃபாஸ்ட் பந்தயத்துக்கு வந்தார், ஜெயித்தார். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சுமார் 1,200 கி.மீ. பந்தயத்தில் ஷார்ல் டெரோன் ஜெயித்தது மிஷ்லின் சகோதரர்களின் கழற்றி மாட்டும் காற்று டயரில். கெட்டி ரப்பரின் கதை அதோடு முடிந்தது.

அப்புறம் எப்படி ஒல்லி டயர் ராஜாவானது? தார் ரோடு வந்தது. பந்தயக்காரர்கள் எடையைக் குறைக்க டயரை ஒல்லியாக்கினார்கள். ஒல்லி டயரில் காற்று குறைவாக இருந்தால் குழியில் விழும்போது ரிம் டியூபை நசுக்கிவிடும். அதனால் காற்றை ஏற்றினார்கள். சோதனைக் கூடங்களில் வழவழப்பான இரும்பு உருளை மீது டயரை ஓட்டி அளந்தபோது, அழுத்தம் கூடக் கூட நல்ல முடிவு வந்தது. ஆனால் அந்த உருளையில் குழி கிடையாது, சீட்டில் மனிதரும் கிடையாது!

மேடுபள்ளத்தில் சைக்கிள் அதிரும்போது நம் உடம்பும் அதிர்கிறது. அதில் வீணாகும் சக்தி நாம் மிதித்த சக்திதான். பிரான்சின் வெலோசியோ (இயற்பெயர் பால் தெ விவி, மறைவு 1930) அகல டயரே நல்லது என்று அப்போதே எழுதிவந்தார். 2000-களில் ஜான் ஹைன் நடத்திய 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' இதழ் நிஜ ரோட்டில் ஆளை வைத்து அளந்து, அதிர்வில் எவ்வளவு சக்தி போகிறது என்று காட்டியது. 1990-களில் 23 மி.மீ. அல்லது அதற்கும் ஒல்லியாக ஓட்டிய பந்தயக்காரர்கள் இன்று 28 மி.மீ.க்கும் மேலே போய்விட்டார்கள்.

நம் அப்பா, தாத்தா ஓட்டிய சைக்கிளில் இருந்தது 28 x 1½ அங்குல டயர். கிட்டத்தட்ட 40 மி.மீ. அகலம். பால் கேன், அரிசி மூட்டை, பின்னால் நாம் என்று எல்லாவற்றையும் அது மண்ரோட்டில் சுமந்தது.

சரி, நாம் என்ன செய்யலாம்?

ஃபிரேமிலும் மட்கார்டிலும் இடம் இருக்கும் வரை அகலமான டயர் போடுங்கள். புனே மாதிரி ரோட்டுக்கு 35 முதல் 42 மி.மீ. நல்லது. ஆள் 70 கிலோ, சைக்கிளும் பையும் 15 கிலோ என்றால், 40 மி.மீ. டயருக்குப் பின்னால் 45, முன்னால் 38 பி.எஸ்.ஐ. என்று தொடங்கலாம். பின்சக்கரம் அதிக எடை தாங்குவதால் இந்த வித்தியாசம். ஏறி உட்கார்ந்தால் டயர் தன் உயரத்தில் சுமார் 15 சதவீதம் அமுங்குவது சரியான அளவு என்பது அமெரிக்கப் பொறியாளர் ஃபிராங்க் பெர்ட்டோவின் கணக்கை ஒட்டி வந்த வழிமுறை. குழியில் ரிம் இடித்தால் 3 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். டயர் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லையை மட்டும் தாண்ட வேண்டாம்.

ஒரு விஷயம். வால்டியூப் போட்ட பழைய வால்வில் மீட்டர் சரியாகக் காட்டாது. கட்டைவிரல்தான் அங்கே மீட்டர். மோட்டார் பைக் டயரில் இருப்பது போன்ற வால்வு உள்ள டியூபும், மீட்டர் வைத்த கைப்பம்பும் வாங்கிவிட்டால் பிரச்சினை இல்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை பத்து பி.எஸ்.ஐ. குறைத்து, தினமும் போகும் அதே ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் :-)