நீலி அழுத கண்ணீர்

1986. எனக்குப் பதினொரு வயது. பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் அம்மாயி வீட்டுத் திண்ணையில் ஊர்ப் பெரியவர்கள் ஐந்து பேர் உட்கார்ந்து என் பெரியம்மாவின் வழக்கைப் பேசினார்கள். பெரியம்மா மில்லில் ரீலிங் பிரிவில் வேலை செய்தவர். பெரியப்பா வேறொரு பெண்ணோடு காரமடைப் பக்கம் குடித்தனம் போய்விட்டார். போகும்போது பெரியம்மாவின் பன்னிரண்டு பவுன் நகையையும் எடுத்துக்கொண்டு போனார். பெரியம்மா புருஷனைத் திருப்பிக் கேட்கவில்லை. நகையை மட்டும்தான் கேட்டார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது.

திண்ணையில் இருந்தவர்களில் ஒருவர் வெற்றிலையை மென்றபடியே சொன்னார்: “இந்த நீலிக்கண்ணீரெல்லாம் இங்க வேண்டாம் அம்மிணி. ஆம்பள எதுக்கு ஊட்ட உட்டுப் போனான்னு மொதல்ல ரோசனை பண்ணு.”

அந்தச் சொல்லுக்கு எனக்கு அப்போது பொருள் தெரியாது. ஆனால் அது விழுந்ததும் பெரியம்மாவின் அழுகை நின்றுபோனதைப் பார்த்தேன். அவர்கள் எழுந்து போன பிறகு அம்மாயி சொன்னது ஒன்றே ஒன்றுதான்: “அழுதது போதும். வெள்ளிக்கெழம ஆனமலைக்குப் போலாம்.”

காந்திபுரம், உக்கடம், பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி ஆனைமலை போய்ச் சேர்ந்தோம். மாசாணியம்மன் அங்கே நிற்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. மல்லாந்து படுத்திருக்கிறாள். பதினைந்து அடிக்குக் குறையாத உருவம், தெற்கே தலை, கையில் கபாலம். மயானத்தில் சயனித்தவள், அதனால் மாசாணி என்பார்கள். பெரியம்மா அங்கேயே ஆட்டுக்கல்லில் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசினார். அரைக்கும்போது அவர் முகத்தில் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பயந்துபோய் அம்மாயியிடம் கேட்டேன்: “இது சாமியா, பேயா?” அம்மாயி என் தொடையில் கிள்ளினார்.

அந்தக் கேள்வியோடுதான் பிறகு பல வருடங்கள் புத்தகங்களுக்குள் அலைந்தேன். கிடைத்ததை இங்கே சொல்கிறேன்.

*

மாசாணிக்கு ராமனோடு சேர்த்துச் சொல்லும் தலபுராணம் உண்டு. ஆனைமலைப் பக்கத்தில் மக்கள் சொல்லும் கதை வேறு. நன்னன் என்ற அரசனுக்குக் காவல்மரமாக ஒரு மாமரம் இருந்தது. அதிலிருந்து விழுந்த காய் ஆற்றில் மிதந்து வந்தது. குளிக்கப் போன பெண் ஒருத்தி அதை எடுத்துத் தின்றாள். நன்னன் அவளைக் கொன்றான். கொன்று கிடத்தப்பட்டவள்தான் படுத்த கோலத்தில் சாமியானாள்.

இந்தக் கொலை பற்றிய செய்தி சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது. குறுந்தொகையின் 292ஆம் பாட்டு, பரணர் பாடியது. பெண்ணின் வீட்டார் எண்பத்தோரு யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னில் செய்த பாவையையும் தண்டமாகக் கொடுக்க முன்வந்தார்கள் என்றும், நன்னன் அதை ஏற்காமல் கொன்றான் என்றும் அந்தப் பாட்டு சொல்கிறது. ஆனால் பாட்டு அவளைப் பற்றியது அல்ல. மகளைக் கட்டிக்காக்கும் ஒரு தாய், நன்னன் போன நரகத்துக்கே போகட்டும் என்ற வசவில் உவமையாக வந்துபோகிறாள் கொலையுண்டவள். அவளுக்குப் பெயர் இல்லை. கொன்றவனின் பெயர்தான் இரண்டாயிரம் ஆண்டுகளாக நின்றிருக்கிறது. பெயர் இல்லாத அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயரும் ஒரு கல்லும் கிடைத்தது கோயிலில்தான், அதுவும் செத்த பிறகுதான்.

*

இனி நீலிக்கு வருவோம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ‘நீலி’ என்ற சொல்லைப் பாருங்கள். பார்வதி என்றும் துர்க்கை என்றும் பொருள் இருக்கும். அதற்குக் கீழேயே பழையனூரில் இருந்த ஒரு பேய் என்றும், கொடியவள் என்றும் இருக்கும். தெய்வம், பேய், பெண் மூன்றும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன.

பழையனூர், திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது. பரவலாகத் தெரிந்தது இது. காஞ்சிபுரத்து அந்தணன் ஒருவன் காசிக்குப் போன இடத்தில் இரண்டாம் கல்யாணம் செய்துகொள்கிறான். ஊர் திரும்பும் வழியில், முதல் மனைவிக்குத் தெரிந்துவிடுமே என்று பயந்து, இரண்டாமவளைக் கொன்றுவிடுகிறான். அடுத்த பிறவியில் அவன் வணிகன், அவள் நீலி. பேய் தன்னைத் தொடரும் என்று அவனுக்குத் தெரியும். அதனால் காவலுக்கு ஒரு வாளோடு திரிகிறான். பழையனூரில் அவள் கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வேளாளர் சபையின் முன் நின்று அழுகிறாள். “இவர் என் புருஷன். என்னைக் கைவிட்டுப் போகிறார்.” அவன் இவள் பேய் என்கிறான். சபையார் அவளை நம்புகிறார்கள். வாளை வாங்கி வைத்துக்கொண்டு, உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் எழுபது பேர் உயிரும் பிணை என்று வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரே வீட்டில் தங்க வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணமாகக் கிடக்கிறான். வாக்குத் தவறாத எழுபது வேளாளரும் தீயில் இறங்குகிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டிலேயே சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில், வஞ்சனையால் உயிரைக் கொண்ட ஒருத்தியைக் குறிப்பிட்டுப் பழையனூராரைச் சொல்கிறார். பதினோராம் நூற்றாண்டில் முதலாம் இராசேந்திரன் பழையனூரை ஆலங்காட்டுக் கோயிலுக்குத் தேவதானமாகக் கொடுத்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் சொல்கின்றன. நிலமும் கோயிலும் சபையும் உள்ள ஊர் அது. அந்த ஊரார் எவ்வளவு வாக்குச் சுத்தமானவர்கள் என்று காட்டத்தான் கதை திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. நீலி அதற்கு ஒரு கருவி.

நான் இந்தக் கதையை முழுதாகப் படித்தபோது ஓரிடத்தில் நின்றுவிட்டேன். நீலி சபையில் என்ன பொய் சொன்னாள்? அவன் அவளுடைய புருஷன்தான். அவளைக் கைவிட்டவன்தான். கைவிட்டது மட்டுமல்ல, கொன்றவன். குழந்தை ஒன்றுதான் பொய். அவளுடைய குற்றச்சாட்டு உண்மை, கண்ணீரும் உண்மை. ஆனால் குற்றம் நடந்தது போன பிறவியில் என்று கதை வைத்துவிடுகிறது. எந்தச் சபையும் விசாரிக்க முடியாத, எந்தச் சாட்சியும் வர முடியாத இடத்துக்கு அவள் கொலையைத் தள்ளிவிடுகிறது. அதற்கு அப்புறம் கதை சொல்லும் பாடம் ஒன்றே: அழும் பெண்ணை நம்பிய சபை அழிந்தது. அந்தப் பாடம் ஒரு சொல்லாகச் சுருங்கி, நூற்றாண்டுகள் கடந்து, பெரியநாயக்கன்பாளையத்துத் திண்ணை வரை வந்து சேர்ந்தது.

*

அதே திருவாலங்காட்டில் இன்னொரு பேய் இருக்கிறார். அவரை நாம் கையெடுத்துக் கும்பிடுகிறோம். காரைக்கால் அம்மையார். அறுபத்துமூன்று நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, உட்கார்ந்திருப்பவர். தம் பாடல்களில் தம்மைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொண்டவர். வற்றிய முலை, எழும்பிய நரம்பு, குழிந்த வயிறு என்று சுடுகாட்டுப் பெண்பேயை அவர் வருணித்த மாதிரி வேறு யாரும் வருணித்ததில்லை. சோழர் கால வெண்கலச் சிற்பிகள் அந்த எலும்பு உடம்பை அப்படியே வார்த்தார்கள். கையில் தாளத்தோடு அவர் உட்கார்ந்திருக்கும் சிலைகளில் ஒன்று இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் பக்கத்துப் பெண்கள் அம்மையாரை அறிந்தது வேறு முகத்தில். 1973இல் வந்த ‘காரைக்கால் அம்மையார்’ படத்தில், கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் முகத்தில். அதில் பக்தி இருந்தது, குரல் இருந்தது, பேய் இல்லை.

அம்மையார் பாடல்களில் புருஷன் இல்லை, மாம்பழம் இல்லை. அந்தக் கதையை நமக்குத் தருபவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார், அம்மையாருக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கும் பிந்தியவர். வணிகன் பரமதத்தன் கொடுத்தனுப்பிய இரண்டு மாம்பழத்தில் ஒன்றைப் புனிதவதி அடியாருக்குக் கொடுத்துவிடுகிறார். கணவன் இன்னொரு பழம் கேட்க, இறைவன் அருளால் ஒன்று கிடைக்கிறது. இது எங்கிருந்து வந்தது என்று அவன் கேட்க, நடந்ததைச் சொல்கிறார். அவன் நம்பவில்லை. நம்ப வைத்த பிறகு பயந்துபோகிறான். வாணிகம் என்று சொல்லிக் கப்பல் ஏறி, பாண்டிய நாட்டில் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். உறவினர் புனிதவதியை அங்கே கொண்டுபோய்விட்டபோது, புது மனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுகிறான். இவர் மானிடப் பெண் அல்லர், வணங்கத்தக்க தெய்வம் என்கிறான். அதன் பிறகே புனிதவதி, இவனுக்காகச் சுமந்த இந்தத் தசை எனக்கு வேண்டாம் என்று உதறிப் பேயுரு வேண்டுகிறார்.

இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் வணிகன். இரண்டிலும் இரண்டு கல்யாணம். ஒருவன் மனைவியைப் பேய் என்று சொல்லி ஓடுகிறான். இன்னொருவன் தெய்வம் என்று சொல்லி ஓடுகிறான். ஓட்டம் ஒன்றுதான். இரண்டு பெண்களும் கடைசியில் பேயாகி வந்து சேரும் காடும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒருத்தி நாயனார், ஒருத்தி வசவு?

நீலி கணக்குக் கேட்டாள். புனிதவதி கணக்கை முடித்துக்கொண்டார். தெய்வம் என்று காலில் விழுந்தவனிடம் சீர் எங்கே, சோறு எங்கே என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், பழத்தை வரவழைத்த அதே அற்புதம் சூனியம் என்று பேசப்பட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். அம்மையாரை நான் குறைத்துச் சொல்லவில்லை. தமக்கு வைத்த ‘அழகான மனைவி’ என்ற பாத்திரத்தைத் தாமே கழற்றி எறிந்து, பேய் என்ற பெயரைத் தாமே எடுத்து அணிந்த துணிச்சல் அவருடையது. ஆனால் சமயம் அவரைக் கொண்டாடியதில் ஒரு வசதியும் இருந்தது. அவர் யாரையும் கூண்டில் ஏற்றவில்லை.

*

பேயா தெய்வமா என்பது அந்தப் பெண்ணின் இயல்பைப் பற்றிய கேள்வி அல்ல என்பதற்கு நீலியே சாட்சி. சமணர்கள் அவளை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். ஐஞ்சிறுகாப்பியங்களில் ஒன்றான நீலகேசியில், உயிர்ப்பலியை நிறுத்தச் செய்த முனிச்சந்திரர் என்ற துறவியை விரட்ட, காளி பழையனூர் நீலியை அழைக்கிறாள். நீலி மிரட்டிப் பார்க்கிறாள், மயக்கிப் பார்க்கிறாள். கடைசியில் அவருடைய சொல்லைக் கேட்டு அகிம்சையை ஏற்கிறாள். பிறகு குண்டலகேசியில் தொடங்கிப் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரையும் வாதில் வெல்கிறாள். சபைக்கு முன் அழுதவள் சபைக்கு முன் தர்க்கம் பேசுகிறாள். அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் பழைய உரையோடு இதைப் பதிப்பித்தார். நீலிக்கண்ணீர் என்று சொல்லத் தெரிந்த அளவு, நீலியின் வாதம் என்று சொல்ல நமக்குத் தெரியாமல் போயிற்று. அங்கேயும்கூட அவள் வாதாடுவது அகிம்சைக்காகத்தான். தன் கொலைக்காக அல்ல.

தன் கொலைக்காகவே அவள் கும்பிடப்படும் இடம் தெற்கே இருக்கிறது. கன்னியாகுமரி மாவட்டம் முப்பந்தலில் இசக்கியம்மன். வில்லுப்பாட்டில் பாடப்படும் இசக்கி கதை நீலி கதைதான். நகைக்காகக் காதலனால் காட்டில் கொல்லப்பட்ட தாசிப் பெண் மறுபிறவியில் நீலியாகிப் பழி தீர்க்கிறாள். அங்கே கொலை பின்கதை அல்ல. பாட்டின் நடுவிலேயே இருக்கிறது. கேட்கிறவர்கள் அவளோடு சேர்ந்து அழுகிறார்கள். கள்ளியில் செய்த அந்தப் பொய்க் குழந்தை இசக்கியின் இடுப்பில் சிலையாக உட்கார்ந்திருக்க, பிள்ளை வேண்டியும் சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் தொட்டில் கட்டுகிறார்கள். அதே பெண், அதே பழி. வடக்கே பேய், தெற்கே தாய். கதையை யார் சொல்கிறார்கள், யார் வாசலில் சொல்கிறார்கள் என்பதுதான் மாறியிருக்கிறது.

*

ஆனைமலைக்குத் திரும்புகிறேன். மாசாணி யாரையும் பழி வாங்கியதாகக் கதை இல்லை. படுத்தே இருக்கிறாள். கோபம் அவளுக்குப் பக்கத்தில் உள்ள கல்லில்தான், மிளகாய் அரைக்கும் பெண்களிடம்தான் இருக்கிறது. திண்ணையில் பேசினால் நீலிக்கண்ணீர் ஆகிற ஒரு சொல்லை, அந்தக் கல்லின் முன் யாரும் தடுக்காமல் பேச முடிகிறது. அதற்கு மேல் அதைப் பெரிதுபடுத்தவும் எனக்கு மனமில்லை. மிளகாய் அரைப்பது தீர்ப்பு அல்ல. போலீஸும் கோர்ட்டும் ஊரும் கேட்காதபோது ஒருத்தி போய் நிற்கிற கடைசி வாசல் அது. அந்த வாசலில் இன்றும் கூட்டம் குறையவில்லை என்பதைப் பெருமையாக எப்படிச் சொல்வது?

பெரியம்மா ஆனைமலைக்குப் போய் மிளகாய் அரைத்த செய்தி, நாங்கள் ஊர் திரும்பும் முன்பே காரமடைக்குப் போய்விட்டது. மூன்று மாதம் கழித்து ஒருவர் மூலமாக நான்கு பவுன் வந்தது. சாமிக்குப் பயந்தா, ஊர்ப் பேச்சுக்குப் பயந்தா, தெரியாது.

போன வருடம் பெரியம்மாவிடம் நான் சிறுவயதில் கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது. “சாமின்னு சொன்னாலும் ஓடுவானுக, பேயின்னு சொன்னாலும் ஓடுவானுக கண்ணு. நா கேட்டதுக்குப் பதிலு சொல்லோணும், அவ்வளவுதா” என்றார்.

மீதி எட்டுப் பவுன் இன்னும் வரவில்லை.