ஷ்னிட்சல்: ரொட்டித்தூள் பூசிப் பொரித்த இறைச்சியின் வரலாறு

வீனர் ஷ்னிட்சல் என்பது கன்றுக்குட்டி இறைச்சியை மெல்லியதாகத் தட்டி, மாவு, அடித்த முட்டை, ரொட்டித்தூள் ஆகியவற்றில் வரிசையாகப் புரட்டிப் பொரிக்கும் ஆஸ்திரிய உணவாகும். ஜெர்மன் மொழியில் ‘வீனர்’ என்பது வியன்னாவைச் சேர்ந்தது என்றும், ‘ஷ்னிட்சல்’ என்பது வெட்டிய சிறு துண்டு என்றும் பொருள்படும்.

தளபதியின் கதை

இவ்வுணவை இத்தாலியிலிருந்து வியன்னாவுக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரியப் படைத்தளபதி ராடெட்ஸ்கி (1766–1858) என்று ஒரு கதை உண்டு. மிலான் நகரில் தாம் உண்ட ‘கோத்தலெத்தா’ என்னும் உணவைப் பற்றி அவர் அரசவைக்கு எழுதினார் என்றும், அரண்மனைச் சமையலறை அதைக் கற்றுக்கொண்டது என்றும் கூறுவர். மொழியியலாளர் ஹைன்ஸ் டீட்டர் போல் 2007இல் இக்கதையை ஆராய்ந்து, இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை எனக் காட்டினார். 1969இல் வெளிவந்த ஓர் இத்தாலிய உணவு வழிகாட்டி நூலும், 1971இல் வந்த அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்புமே கதையைப் பரப்பின.

ரொட்டித்தூள் பூசிப் பொரித்த கோழி 18ஆம் நூற்றாண்டிலேயே வியன்னாவில் வழக்கில் இருந்தது. கத்தரீனா பிராட்டோ 1858இல் வெளியிட்ட சமையல் நூலிலும் ரொட்டித்தூள் பூசிய கன்றிறைச்சித் துண்டுகள் இடம்பெற்றன. எனவே தளபதிக்குத் தரப்பட்ட பெருமை, பெயர் தெரியாத சமையற்காரர்களுக்கே உரியது.

மிலானின் உரிமைக் கோரிக்கையும் எளிதில் முடிவதன்று. அந்நகரின் புனித அம்புரோசு தேவாலயத்தில் 1134இல் நடந்த விருந்தின் பட்டியலில் ‘லொம்போலோஸ் கும் பனீத்சியோ’ என்னும் இலத்தீன் தொடர் காணப்படுகிறது. அது ரொட்டித்தூள் பூசிய இறைச்சியைத்தான் குறிக்கிறது என்று உறுதியாகக் கொள்ள இயலாது.

சிக்கனமும் செய்முறையும்

இச்செய்முறை பரவியதற்குச் சிக்கனம் ஒரு முக்கியக் காரணம். தட்டும்போது தசைநார்கள் உடைவதால் முரட்டு இறைச்சியும் மென்மையாகிறது. சிறு துண்டும் தட்டு நிறையப் பரவுகிறது. சில நிமிடங்களில் வெந்துவிடுகிறது. காய்ந்துபோன ரொட்டியும் வீணாவதில்லை. மேற்பூச்சு முதலில் சூடேறி மொறுமொறுப்பாவதால், உள்ளிருக்கும் இறைச்சி வறண்டுபோவதில்லை. ரொட்டித்தூளை அழுத்தாமல் பூசி, துண்டு மிதக்குமளவு சுடுகொழுப்பில் பொரித்தால் மேற்பூச்சு உப்பி எழும்.

ஆஸ்திரியாவில் ‘வீனர் ஷ்னிட்சல்’ என்ற பெயரில் விற்பதற்குக் கன்றிறைச்சியே இருக்க வேண்டும் என்பது விதி. பன்றியிறைச்சியில் செய்தால் அதைப் பெயரிலேயே குறிப்பிட வேண்டும். ஆனால் வீடுகளில் விலை குறைந்த பன்றியிறைச்சியே பெரிதும் பயன்படுகிறது.

பிற நாடுகளில்

19ஆம் நூற்றாண்டில் டெக்சாஸில் குடியேறிய ஜெர்மானியரும் ஆஸ்திரியரும் அங்கு மலிவாகக் கிடைத்த மாட்டிறைச்சிக்கு இம்முறையைப் பொருத்தினர் என்று கருதப்படுகிறது. அதைப் பொரித்த கோழியைப் போலவே சமைத்ததால் ‘சிக்கன் ஃபிரைடு ஸ்டேக்’ என்ற பெயர் ஏற்பட்டது; அதில் கோழி கிடையாது. மிளகிட்ட பால் குழம்பை அதன்மேல் ஊற்றி உண்பர். அர்ஜென்டினாவில் இத்தாலியக் குடியேறிகளின் வழியே ‘மிலனேசா’ வீட்டு உணவாயிற்று.

ஜப்பானில் பேரரசர் மெய்ஜி 1872இல் மாட்டிறைச்சி உண்டதாக அறிவிக்கப்பட்ட பின், மேலைநாட்டு உணவுகள் பரவின. டோக்கியோவின் ரெங்காதெய் உணவகம் 1899இல் பன்றியிறைச்சியை ரொட்டித்தூள் பூசி, நிறைய எண்ணெயில் பொரித்து வழங்கியது. இன்றைய ‘தொன்கத்சு’ அதன் வழிவந்தது. ‘கத்சு’ என்பது ‘கட்லெட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கமாகும்.

அச்சொல் ‘கோத்லெத்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. அதன் பொருள் சிறு விலா எலும்பு. மிலானின் கோத்தலெத்தாவில் இன்றும் எலும்பு இருக்கும். ஆங்கிலேயர் வழியே தமிழகத்துக்கு வந்த கட்லெட்டிலோ பெரும்பாலும் உருளைக்கிழங்கே இருக்கும். எலும்பும் போய், இறைச்சியும் போய், ரொட்டித்தூள் மட்டும் நிலைத்துவிட்டது.