பித்தளை நகரமும் சிற்றாற்றங்கரை நகரமும்

இல்லாத ஊரொன்றை எண்ணத்தில் எழுப்பி, அதற்குத் தெருவும் மதிலும் வாயிலும் வகுத்தல் மனித குலத்தின் பழங்கலைகளுள் ஒன்றாகும். காப்பியப் புலவர்களும் கதைசொல்லிகளும் அதனைச் சொல்லால் செய்தனர். இக்காலத்தில் இளைஞர் சிலர் அதனைத் தாளும் பென்சிலும் கொண்டு செய்கின்றனர். மேசையைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து, ஒருவர் கதையை நடத்த, ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, பகடை உருட்டி ஆடும் விளையாட்டுக்காக அவர்கள் இந்த ஊர்களை வரைகின்றனர். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரும் உருவாக்கி வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி.

பகடை பற்றிய ஃபிக்ஹுச் சட்ட ஆய்வு தனியே செய்யத்தக்கது. இக்கட்டுரை அவ்விளையாட்டின் மற்றொரு கூறாகிய கற்பனை நகரத்தையும் அதன் வரைபடத்தையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஏனெனில், அந்நகரங்களுள் புகழ்மிக்க ஒன்று நமது இலக்கியக் கருவூலத்திலிருந்து சென்றதாகும்.

பித்தளை நகரத்தின் பயணம்

ஆட்டத்தை நடத்துவோருக்கென 1979இல் வெளியான கையேட்டின் அட்டை ஓவியத்தில் பித்தளை நகரம் இடம்பெற்றது. நெருப்புலகில் அமைந்த அந்நகரின் குடிகளுக்கு அவ்விளையாட்டு வழங்கும் பெயர், அல்குர்ஆனின் அந்நம்ல் அத்தியாயத்தில் சுலைமான் (அலை) அவர்களின் அவையில் பேசும் 'இஃப்ரீத்' என்னும் சொல்லின் திரிபே. 1992இல் 'அல்காதிம்' என்னும் பெயரில், அரபுக் கதையுலகைப் பின்புலமாகக் கொண்ட தனி விளையாட்டு நூலே வெளிவந்தது.

இந்நகரின் தாயகம் 'மதீனத்துந் நுஹாஸ்' என்னும் அரபுக் கதையாகும். ஆயிரத்தொரு இரவுகளில் அது விரிவாக இடம்பெற்றுள்ளது. சுலைமான் (அலை) அவர்கள் ஜின்களை அடைத்து முத்திரையிட்ட குடுவைகளைத் தேடி, கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான், மூஸா இப்னு நுஸைரை அனுப்புகிறார். வழியில் அவர்கள் வாயில் அடைந்த மாநகரொன்றைக் காண்கின்றனர். உள்ளே கடைகள் உள்ளன, செல்வம் குவிந்துள்ளது, உயிரோடு ஒருவருமில்லை. அரசியின் உடல்மீதிருந்த அணிகலன்களை எடுக்கத் துணிந்த தாலிப் இப்னு ஸஹ்ல் அவ்விடத்திலேயே வெட்டுண்டு மாள்கிறார். நிலையாமையையும் பேராசையின் முடிவையும் உணர்த்தும் 'இப்ரத்', அதாவது படிப்பினை, இக்கதையின் உயிர். விளையாட்டில் அந்நகரம் ஆரவாரமும் வாணிகமும் மிக்க கோட்டையாயிற்று. பெயர் சென்றது, படிப்பினை செல்லவில்லை.

இப்னு கல்தூனின் மறுப்பு

இந்நகரை முதன்முதலில் உரைகல்லில் வைத்துப் பார்த்தவர்களுள் தலையாயவர் இப்னு கல்தூன் (1332-1406). 1377இல் எழுதி முடித்த 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே, வரலாற்றாசிரியர்கள் ஆராயாமல் ஏற்ற செய்திகளுக்கு எடுத்துக்காட்டாக இதனைக் குறிப்பிடுகிறார். ஸிஜில்மாஸாப் பாலைவனத்தில் செம்பாலான நகரொன்று உண்டென மஸ்ஊதீ எழுதியதை எடுத்துக்காட்டி, அதனை இரு வகையில் மறுக்கிறார். அப்பாலையைக் கடந்த பயணிகளும் வழிகாட்டிகளும் அப்படியொன்றைக் கண்டதில்லை என்பது ஒன்று. உலோகம் பாத்திரங்களுக்கும் தட்டுமுட்டுப் பொருள்களுக்கும் போதுமே தவிர, ஒரு நகரையே கட்டும் அளவிற்குக் கிடைப்பது இயற்கைக்கு ஒவ்வாது என்பது மற்றொன்று. தூண்களையுடைய இரம் என்பதற்கு உரையாசிரியர் சிலர் பொன்னும் மணியும் இழைத்த மாநகரக் கதையைச் சேர்த்ததையும் அவர் ஏற்கவில்லை. அத்தூண்கள் கூடாரக் கால்களே என்பது அவர் கருத்து.

மறுப்போடு அவர் நின்றுவிடவில்லை. நகரம் எப்படி அமைய வேண்டும் என்பதை முகத்திமாவின் நான்காம் பகுதியில் வகுத்துரைக்கிறார். பகைவர் எளிதில் நெருங்க இயலாதபடி மதிலோ, மேட்டு நிலமோ, ஆறோ கடலோ அரணாதல் வேண்டும். காற்று தூயதாதல் வேண்டும். தேங்கிய நீர் அருகிருப்பின் நோய் பெருகும். ஆறோ ஊற்றோ பக்கத்தில் இருத்தல் வேண்டும். கால்நடைக்கு மேய்ச்சலும், உணவுக்கு விளைநிலமும், அடுப்புக்கும் கட்டடத்துக்கும் மரமும் அண்மையில் வேண்டும். ஒட்டகத்துக்கு ஏற்ற மேய்ச்சலை மட்டும் கருதி ஏனையவற்றைப் பாராமல் அமைந்த ஊர்கள் என்று கூஃபா, பஸ்ரா, கைரவான் ஆகியவற்றைச் சுட்டும் துணிவும் அவருக்கு இருந்தது.

ஊருக்கு முன்பே வரைபடம் பிறந்த நிகழ்ச்சியும் நம் வரலாற்றில் உண்டு. ஹிஜ்ரீ 145இல் (கி.பி. 762) கலீபா அல்மன்ஸூர் பக்தாதை எழுப்ப முற்பட்டபோது, வட்ட வடிவ நகரின் அமைப்பைத் தரையிலே சாம்பலால் கோடிடச் செய்து, வாயில்களுக்கும் முற்றங்களுக்கும் உரிய இடங்களில் நடந்து பார்த்தார். பின்னர் அக்கோடுகளின்மீது பருத்திக் கொட்டைகளைப் பரப்பி, நாஃப்தா எண்ணெய் ஊற்றி எரியூட்டி, நெருப்பு வரைந்த நகரை நோக்கினார் என்று தபரீ பதிவு செய்துள்ளார். பள்ளிவாசலும் அரண்மனையும் நடுவில் அமைந்தன. கூஃபா, பஸ்ரா, குராஸான், ஷாம் ஆகிய திசைகளை நோக்கி நான்கு வாயில்கள் திறந்தன. ஆயினும் வட்டத்துக்குள் அமைந்த கடைவீதிகள் பாதுகாப்புக் கருதி விரைவிலேயே வெளியே கர்க் பகுதிக்கு மாற்றப்பட்டன. வாழ்க்கையின் தேவை வரைந்தவரின் கோட்டையும் திருத்தும் என்பதற்கு இதுவே சான்று.

சிற்றாற்றங்கரையில் ஒரு சோதனை

இப்னு கல்தூனின் அளவுகோலை நம் தென்காசிமேல் வைத்துப் பார்க்கலாம். மதுரையை இழந்த பாண்டியர் மரபினர் தெற்கே ஒதுங்கி ஆண்ட காலத்தில், 15ஆம் நூற்றாண்டில், பராக்கிரம பாண்டியன் இங்கே விசுவநாதர் கோயிற் பணியை 1446இல் தொடங்கினான். ஊரின் பெயரே, தொலைவிலுள்ள காசி என்னும் நகரை இம்மண்ணின்மேல் வரைந்து பார்த்த கற்பனையின் விளைவு. எனினும் அக்கற்பனை வெறும் நிலத்தில் எழவில்லை. மேற்கே மலைத்தொடர் அரணாக நிற்கிறது. குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு ஊரைத் தொட்டுச் சென்று, சீவலப்பேரியில் பொருநையோடு கலக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று சாரலைக் கொணர்கிறது. அதே கணவாய் மலையாள நாட்டு வாணிகத்துக்கும் வழியாயிற்று. கிழக்கே குளங்களும் வயல்களும் விரிகின்றன. அரண், காற்று, நீர், விளைநிலம், மரம் என்னும் அனைத்தும் இங்கே ஒருங்கே அமைந்துள்ளன. அப்பால் கடையநல்லூரில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தறியோட்டி வாழ்ந்ததும், நெசவை மனித வாழ்வின் இன்றியமையாத் தொழில்களுள் சேர்த்த அப்பேரறிஞரின் கருத்துக்கு இயைந்ததே.

சீறாவின் மக்கா

இங்கே ஒரு வினா எழும். உமறுப்புலவரின் சீறாப்புராணம் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டை மழை பொழியும் மலையும், பெருகும் ஆறும், விளையும் வயலும் கொண்டதாகப் பாடுகிறதே! மக்காவோ பயிரற்ற பள்ளத்தாக்கு. இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆவிலேயே அது அவ்வாறுதான் குறிக்கப்படுகிறது. அப்படியானால் சீறாவும் செம்பு நகரத்தைப் போன்றதொரு பிழைதானா?

அன்று. இப்னு கல்தூன் சாடியது 'கபர்' என்னும் பெயரில், அதாவது நடந்த செய்தியாக, வரலாற்று நூலுக்குள் நுழைந்த கற்பனையை. உமறுப்புலவரோ நாடும் நகரும் பாடித் தொடங்கும் தமிழ்க் காப்பிய மரபில் நின்று பாடினார். அம்மரபை அறிந்தவர் எவரும் அதனை நிலநூலாகக் கொள்ளார். குற்றாலக் குறவஞ்சியில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் தாம் கண்ட மலையையே வானளாவ உயர்த்திப் பாடியதும் இவ்வகைத்தே. மேலும், உமறுப்புலவரின் கற்பனையில் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் மழை, பிறகு ஆறு, பிறகு வயல். அதன் பின்னரே நகரப் படலம். நீரின்றி நகர் இல்லை என்னும் உண்மையை அவரது கவிதையுள்ளம் மீறவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த ஊரைத் தம் மக்கள் நேசிக்க வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்காகத் தம் மக்கள் நேசித்த நிலத்தின் செழிப்பை அதற்கு அணிவித்தார்.

கற்பனை நகரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிய்யத் உண்டு என்பது இதனால் விளங்கும். செம்பு நகரக் கதையின் நிய்யத் படிப்பினை. சீறாவின் நிய்யத் நேசம். கதையைச் செய்தியாக்கினால் அறிவு கெடும். படிப்பினையைக் களைந்து கதையை மட்டும் எடுத்தால் வெறும் அலங்காரம் மிஞ்சும். குவிமாடம், கடைவீதி, ஜின், புதையல் என்னும் நான்கை அடுக்கிவிட்டால் முஸ்லிம் நகரம் ஆகிவிடும் என்று கருதும் வரைபடங்கள் இந்த அலங்காரத்தையே விற்கின்றன. அவற்றைப் பார்த்து வளரும் நம் பிள்ளைகள் தம் முன்னோரின் நகரத்தையும் அவ்வாறே எண்ணிவிடக் கூடும் என்பதே கவலைக்குரியது.

இதற்கு மருந்து தடை அன்று. நகர் வரையும் ஆவல் நல்ல ஆவல். அதனைக் கையிலெடுக்கும் மாணவனிடம் சில வினாக்களைக் கேட்டால் போதும்: உன் நகருக்கு நீர் எங்கிருந்து வருகிறது? நெல் எவ்வழியே வண்டியேறுகிறது? விறகு எந்தக் காட்டினது? கழிவுநீர் எங்கே செல்கிறது? நெய்பவர் எத்தெருவில் வாழ்கிறார்? பள்ளிவாசலின் ஹவ்ளு கோடையிலும் நிறையுமா? இவற்றுக்கு விடை தேடுகிறவன் முகத்திமாவின் வாயிலில் வந்து நிற்கிறான். குற்றாலத்தில் விழும் நீர் எந்த மதகு வழியாக எந்தக் குளத்தை அடைகிறது என்று சென்று பார்த்து வந்து, தன் தாளில் முதற்கோடாக ஓர் ஆற்றை அவன் வரைவானாயின், அவ்விளையாட்டு அவனுக்கு வரலாற்றுக் கல்வியும் ஆகும்.