ஈட்டியும் கேடயமும் - ஹைப்பர்சோனிக் ஏவுகணைகளைத் தடுக்கும் கதை

1944-ம் வருடம் செப்டம்பர் 8-ம் தேதி. மாலை ஏழு மணி ஆகப் போகிறது. லண்டனின் மேற்குப் பகுதியான சிஸ்விக்கில் ஸ்டேவ்லி ரோடு என்ற அமைதியான தெரு. திடீரென்று ஒரு பெரிய வெடிச்சத்தம். வீடுகள் இடிந்து விழுந்தன. மூன்று பேர் இறந்தார்கள். விமானம் எதுவும் வரவில்லை, அபாயச் சங்கும் ஊதவில்லை. இதில் ஒரு வினோதம் என்னவென்றால், குண்டு வெடித்த பிறகுதான் வானத்திலிருந்து ஏதோ பாய்ந்து வரும் இரைச்சல் கேட்டது! வந்த பொருள் தன் சத்தத்தையே முந்திக்கொண்டு வந்துவிட்டது.

அதுதான் ஜெர்மனியின் வி-2 ராக்கெட். உச்ச வேகம் மணிக்கு சுமார் 5,700 கிலோமீட்டர். நெதர்லாந்தின் ஹேக் நகரத்துப் பக்கத்திலிருந்து கிளம்பினால் ஐந்தே நிமிடத்தில் லண்டன். ஒலியைப் போல ஐந்து மடங்குக்கு மேல் போகும் ஏவுகணையைத்தான் இன்று 'ஹைப்பர்சோனிக்' என்கிறார்கள். அந்த எல்லைக் கோட்டைத் தொட்ட முதல் ஆயுதம் வி-2 தான்.

அதே வருடம் கோடையில் வி-1 என்ற பறக்கும் குண்டு வந்தபோது பிரிட்டன் அதைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது. அதன் வேகம் மணிக்கு சுமார் 640 கிலோமீட்டர்தான். ராடார் பார்த்துச் சொல்ல, கடற்கரையில் வரிசையாக நின்ற பீரங்கிகள் சுட்டு வீழ்த்தின. வி-2 விஷயத்தில் இது எதுவும் எடுபடவில்லை. ராக்கெட் விழப்போகும் பாதையைக் கணக்கிட்டு வானத்தில் குண்டுமழை பொழியலாம் என்று விமான எதிர்ப்புப் படை ஒரு திட்டம் கொடுத்தது. வெற்றி வாய்ப்பு மிகக் குறைவு, கீழே விழும் குண்டுகள் லண்டன் மக்களையே கொல்லும் என்று அதைத் தள்ளிவிட்டார்கள். கடைசியில் 1945 மார்ச் 27-ம் தேதிதான் இந்தத் தாக்குதல் நின்றது. எப்படி? நேச நாட்டுப் படைகள் முன்னேறியதால் ஜெர்மானியர்களுக்கு லண்டனை எட்டும் ஏவுதளமே இல்லாமல் போய்விட்டது! அதற்குள் பிரிட்டனில் சுமார் 2,700 பேர் இறந்திருந்தார்கள்.

போர் முடிந்தது. அணுகுண்டும் ராக்கெட்டும் ஒன்று சேர்ந்தன. இனி நூறு ஏவுகணைகளில் ஒன்று தப்பி வந்தாலும் ஒரு நகரமே போய்விடும். அமெரிக்கா 'நைக் ஜீயஸ்' என்ற தடுப்பு ஏவுகணையை உருவாக்கி, 1962-ல் பசிபிக் கடலில் உள்ள குவாஜலீன் தீவில், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் முனையை நெருங்கிப் பிடித்துக் காட்டியது. ஆனாலும் அடுத்த வருடமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். எதிரி நிஜக் குண்டோடு நாலு போலிக் குண்டுகளையும் சேர்த்து அனுப்பினால் எதை அடிப்பது?

இங்கேதான் கதையின் முக்கியமான காட்சி வருகிறது. 1967 ஜூனில் நியூஜெர்ஸி மாநிலத்தின் கிளாஸ்பரோ என்ற சின்ன ஊரில் அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் சந்தித்தார்கள். சோவியத் யூனியன் அப்போது மாஸ்கோவைச் சுற்றி ஒரு ஏவுகணைத் தடுப்பு அரண் கட்டிக்கொண்டிருந்தது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் மெக்நமாரா ஒரு கணக்கைச் சொன்னார். நீங்கள் கேடயம் செய்தால் நாங்கள் ஈட்டிகளை அதிகமாக்குவோம், நாங்கள் செய்தால் நீங்களும் அதையே செய்வீர்கள், முடிவில் இருவருக்கும் செலவும் ஆபத்தும்தான் மிச்சம் என்பது அவர் வாதம். கோசிகின் ஏற்கவில்லை. தாக்கும் ஆயுதம் மனிதர்களைக் கொல்கிறது, தடுக்கும் ஆயுதம் காப்பாற்றுகிறது, காப்பாற்றுவது எப்படித் தவறாகும் என்பது அவர் கேள்வி.

நடந்தது மெக்நமாராவின் கணக்குப்படிதான். 1970-ல் அமெரிக்கா ஒரே ஏவுகணையில் மூன்று அணுகுண்டுகளைப் பொருத்திக் களமிறக்கியது. மாஸ்கோவின் கேடயத்துக்கு அதுவும் ஒரு பதில். பிறகு சோவியத் யூனியனும் அதையே செய்தது. கேடயம் பிறந்ததும் ஈட்டி மும்மடங்கானது!

இதை உணர்ந்துதான் 1972 மே மாதம் நிக்சனும் பிரெஷ்நேவும் மாஸ்கோவில் ஒப்பந்தம் போட்டுத் தடுப்பு ஏவுகணைகளுக்கு வரம்பு விதித்தார்கள். அந்த வரம்புக்குள் அமெரிக்கா வடக்கு டகோட்டாவில் 'சேஃப்கார்ட்' அரணைக் கட்டியது. அதில் இருந்த 'ஸ்பிரிண்ட்' ஏவுகணை ஐந்தே விநாடியில் ஒலியைப் போலப் பத்து மடங்கு வேகத்தை எட்டும். அதாவது கேடயமும் ஹைப்பர்சோனிக் ஆகிவிட்டது. மொத்தச் செலவு சுமார் 600 கோடி டாலர். 1975 அக்டோபர் 1-ம் தேதி அது முழு அளவில் வேலைக்கு வந்தது. மறுநாளே அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை அதை மூடச் சொல்லி ஓட்டுப் போட்டது!

2002-ல் புஷ் அரசு அந்த ஒப்பந்தத்தை விட்டு வெளியேறியது. வடகொரியா போன்ற நாடுகளிடமிருந்து காத்துக்கொள்ளத்தான் என்று காரணம் சொன்னது. 2004-லிருந்து அலாஸ்காவில் தடுப்பு ஏவுகணைகள் வந்தன. ரஷ்யா சும்மா இருக்கவில்லை. 2018 மார்ச் 1-ம் தேதி ஆற்றிய உரையில் புதின் 'அவன்கார்ட்', 'கின்ஷால்' போன்ற ஆயுதங்களை அறிவித்தார். இவை அமெரிக்காவின் கேடயத்துக்கு எங்கள் பதில் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2019 அக்டோபரில் சீனாவும் பெய்ஜிங் அணிவகுப்பில் டிஎஃப்-17 ஏவுகணையைக் காட்டியது.

இவற்றில் என்ன புதுமை? வேகம் மட்டும் இல்லை. பழைய ஏவுகணை மேலே எறிந்த கல்லைப் போல. எங்கே விழும் என்று பாதியிலேயே கணக்குப் போடலாம். அவன்கார்டும் டிஎஃப்-17-ம் அப்படி இல்லை. அவற்றின் முனைப்பகுதி காற்று மண்டலத்தின் மேல்பகுதியில் வழுக்கிக்கொண்டே வந்து வழியில் திசை மாறும். தாழ்வாக வருவதால் பூமியின் வளைவு மறைத்துவிடும், தரையில் உள்ள ராடார் கடைசி நேரத்தில்தான் பார்க்கும். அதனால்தான் 2024 பிப்ரவரியில் அமெரிக்கா இவற்றை மேலிருந்து பின்தொடர இரண்டு சோதனைச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. வழுக்கி வரும்போதே அடிக்கும் தடுப்பு ஏவுகணையை ஜப்பானோடு சேர்ந்து செய்ய அதே வருடம் மே மாதம் ஒப்பந்தமும் போட்டது. இதற்கும் ஒரு பதில் ஈட்டி எங்காவது ஓர் ஆய்வுக்கூடத்தில் வரைபடமாகிக் கொண்டிருக்கும்.

அப்படியென்றால் மெக்நமாரா சொன்னதுதான் முழு உண்மையா? கேடயமே வேண்டாமா?

2023 மே 4-ம் தேதி இரவு. உக்ரைன் தலைநகர் கீவை நோக்கி ஒரு கின்ஷால் ஏவுகணை வந்தது. புதின் யாராலும் தடுக்க முடியாது என்று பெருமைப்பட்ட அதே ஆயுதம். (கின்ஷால் வழுக்கி வரும் வகை இல்லை, விமானத்திலிருந்து ஏவப்படும் வேகமான பாலிஸ்டிக் ஏவுகணை.) 'பேட்ரியாட்' தடுப்பு ஏவுகணை அதை வானத்திலேயே உடைத்தது. உக்ரைன் விமானப்படைத் தளபதி அறிவித்தார், சில நாளில் அமெரிக்க ராணுவத் தலைமையகமும் உறுதி செய்தது. பேட்ரியாட் காப்பது ஒரு நகரத்தின் அளவைத்தான், ஒரு நாட்டை இல்லை. ஆனால் அன்றிரவு அந்த நகரத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஸ்டேவ்லி ரோட்டில் இறந்த மூன்று பேரில் ஒருவர் மூன்று வயதுக் குழந்தை. அந்தக் குழந்தைக்குக் கேடயம் எதுவும் இல்லை. நாடுகளின் வரவு செலவுக் கணக்கில் மெக்நமாரா ஜெயிக்கிறார். அந்தத் தெருவில் நின்று பார்த்தால் கோசிகின் கேட்ட கேள்வி நியாயமாகத்தான் படுகிறது. 1972-ல் இரண்டு எதிரிகள் ஒரே மேஜையில் உட்கார்ந்து இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள், முப்பது வருடம் அது தாங்கியது. கேடயம் செய்வது தவறில்லை. ஆனால் கேடயத்தின் விலையை எழுதும்போது, எதிரி செய்யப்போகும் அடுத்த ஈட்டியையும் அதே பக்கத்தில் எழுத வேண்டும். அந்தக் கணக்கை இன்று யார் எழுதுகிறார்கள்? யோசித்துப் பாருங்கள்.