எந்த ஷஃபான்?

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் முன் ஒருநாள் ஒரு கடன் முறி வைக்கப்பட்டது. தவணை ஷஃபான் மாதம் என்று அதில் கண்டிருந்தது. எந்த ஷஃபான்? கடந்து சென்றதா, நடந்துகொண்டிருப்பதா, இனி வருவதா என்று அன்னார் வினவினார்கள். விடை சொல்வார் இல்லை. எழுதியவருக்கும் வாங்கியவருக்கும் அன்றைக்கு அது தெளிவாகவே இருந்திருக்கும். மூன்றாமவர் கையில் வந்தபோதுதான் அந்த எழுத்து ஊமையாயிற்று. இதன் பிறகே தோழர்களைக் கூட்டி ஆலோசித்து, பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்த ஆண்டைத் தொடக்கமாகக் கொண்டு ஆண்டுக் கணக்கு நிறுவப்பட்டது என்று வரலாற்றாசிரியர் எழுதுவர். அது ஹிஜ்ரி 16 அல்லது 17, அதாவது கி.பி. 637–638 வாக்கில் நிகழ்ந்தது.

பதினான்கு நூற்றாண்டுக்குப் பிறகு அதே வினா நம் வீடுகளுக்குள் திரும்பி வந்திருக்கிறது. ஒவ்வொரு குடும்பத்திலும் இன்று பல்லாயிரம் படங்கள் கைப்பேசியிலும் கணினியிலும் குவிந்து கிடக்கின்றன. பழைய நிக்காஹ் பத்திரங்களையும் கிரயச் சாசனங்களையும் இளைஞர் படமெடுத்து வைக்கின்றனர். நல்ல காரியம். ஆனால் அக்கோப்புகளுக்கு இட்டிருக்கும் பெயர்களைப் பாருங்கள்! ‘பெருநாள்’, ‘அப்பாவுடன்’, ‘பழைய படம்’. எந்தப் பெருநாள்? எவருடைய அப்பா? நம்முள் ஓர் ஊரில் அப்பா என்றால் தந்தை. மற்றோர் ஊரில் பாட்டனார். முப்பதாண்டு கழித்துத் திறப்பவருக்கு அச்சொல் எவரையும் காட்டாது. பெயரே இடாதவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. வாட்ஸ்அப் வழியே வந்த படத்துக்கு ஆண்ட்ராய்டு கைப்பேசி தானாக ஒரு தேதியைப் பெயரில் பொறித்து விடுகிறது. அது படம் வந்து சேர்ந்த தேதி. எடுக்கப்பட்ட தேதி அன்று. ரங்கூனில் எடுத்த பாட்டனார் படம் 2021-ஆம் ஆண்டின் தேதியைத் தாங்கி நிற்பது இப்படித்தான்.

ஆகவே கோப்பின் பெயரில் முதலில் ஆண்டு, பின்பு மாதம், அதன்பின் நாள் என எழுதுவதே முறை. உலகத் தர நிர்ணய அமைப்பு 1988-இல் வெளியிட்ட 8601-ஆம் எண் நெறி கூறுவதும் இவ்வரிசையே. 03-04-1968 என்று எழுதினால் நமக்கு அது ஏப்ரல் 3. அமெரிக்காவில் வாழும் நம் பேரனுக்கு மார்ச் 4. 1968-04-03 என்றால் மயக்கமில்லை. கணினியும் தானாகவே கால வரிசையில் அடுக்கித் தரும். மாதமும் நாளும் தெரியாதபோது அவ்விடங்களில் சுழியம் இட்டால் போதும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதுவதைவிட அந்தச் சுழியம் எவ்வளவோ மேல்.

நம் பழைய தாள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரு சாசனத்தில் ‘சித்திரபானு வருடம் வைகாசி மாதம்’ என்று மட்டும் இருக்கக்கூடும். அறுபதாண்டுச் சுற்றில் அது 1882-இலும் வந்தது, 1942-இலும் வந்தது, 2002-இலும் வந்தது. வாங்கியவர் பாட்டனாரா, அவருடைய பாட்டனாரா? அதே தாளின் ஓர் ஓரத்தில் பசலி 1351 என்றோ ஹிஜ்ரி 1361 என்றோ இருந்தால் 1942 என்பது உறுதியாகும். ஹிஜ்ரி 1299 என்றிருந்தால் 1882. எனவே ஆங்கிலத் தேதிக்கு மாற்றி எழுதுவோர், மூலத்தில் கண்ட தேதியையும் கண்டபடியே குறிப்பில் எழுதிவைக்க வேண்டும். பிறை கண்ட வேறுபாட்டால் ஹிஜ்ரித் தேதி ஊருக்கு ஊர் ஒருநாள் முன்பின்னாகும். மாற்றியவரின் கணக்கு பிழைபடவும் கூடும். மூலம் இருந்தால் அடுத்தவர் திருத்திக்கொள்வார்.

இனி ஆட்பெயர். அறபு மக்கள் ஒருவரை இஸ்ம், குன்யத், நஸப், லகப், நிஸ்பத் என ஐந்து கூறுகளால் அடையாளம் கண்டனர். இயற்பெயர், இன்னாரின் தந்தை, இன்னாரின் மகன், பட்டப்பெயர், ஊரோ தொழிலோ குலமோ குறிக்கும் பெயர் என்பவை அவை. இவ்வளவு இருந்தும் குழப்பம் தீரவில்லை. ஹதீஸ் கலை அறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹிஜ்ரி 643), தம் நூலில் ஒரே பெயர் தாங்கிய வெவ்வேறு மனிதர்களுக்கென ஓர் அத்தியாயமே ஒதுக்கி, கலீல் இப்னு அஹ்மத் என்ற பெயரில் மட்டும் அறுவரை எண்ணிக் காட்டினார். தந்தை பெயரும் ஒன்றேயான அறுவர்! அவர்களுள் முதல்வர் பஸராவின் புகழ்பெற்ற இலக்கண மேதை. இதே பொருள் பற்றிக் கதீபுல் பக்தாதி (மறைவு ஹிஜ்ரி 463) தனி நூலே யாத்தார். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் நம் வழக்கத்தில் இத்தகைய அறுவர் ஒரே தெருவில் கிடைப்பர். ஆகவே பெயருடன் தந்தை பெயர், ஊர், வீட்டுப் பெயர் மூன்றும் வேண்டும். முஹம்மது, முகமது, முகம்மது என்று எழுத்து மாறுவதும் தேடுவோரைத் திணறச் செய்யும். கோப்பின் பெயரில் ஒரே வடிவத்தைக் கையாண்டு, பாஸ்போர்ட்டிலும் பத்திரத்திலும் கண்ட வடிவங்களை உள்ளே குறித்துக்கொள்ளலாம்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய ஊர்களின் குடும்பங்களுக்கு இங்கே தனிக் கவனம் தேவை. அங்கே வீடு பெண்மக்கள் வழிச் செல்கிறது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். பெயரின் முன்னெழுத்தோ தந்தை வழிச் செல்கிறது. ஆதலால் ஒருவருடைய தாள்கள் அவர் பிறந்த வீட்டுப் பேழையில் பாதியும், மனைவி வீட்டுப் பேழையில் பாதியுமாகப் பிரிந்து கிடக்கும். தந்தை வழியை மட்டும் வைத்துப் பட்டியல் எழுதுவோர் பாதிப் பேழையைத் திறவாமலே முடித்துவிடுகின்றனர். பெண்களின் நிலையோ சொல்லவே வேண்டா. நம் பாட்டிமார் பலர் படமெடுக்க உடன்பட்டவரல்லர். ‘இன்னார் மனைவி’, ‘உம்மா’, ‘கண்ணும்மா’ என்றே வாழ்ந்து மறைந்தனர். அவர்களின் இயற்பெயர் எஞ்சியிருக்கும் இடம் பெரும்பாலும் ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடு ஒன்றே. மணமகள், அவருடைய வலீ, சாட்சிகள், மஹர்த் தொகை யாவும் அதில் உண்டு. நிர்வாகத்தாரின் இசைவுடன் அப்பக்கத்தைப் படமெடுத்து, அப்பெண்ணின் சொந்தப் பெயரிலேயே கோப்பை அமைக்க வேண்டும். கணவர் பெயரின் கீழ் மறைத்தல் ஆகாது. அறபுத் தமிழில் எழுதிய கடிதம் கிடைத்தால் அதை வாசிக்கத் தெரிந்த முதியவர் இருக்கும்போதே தமிழெழுத்தில் பெயர்த்து உடன் வைப்பது அவசரக் கடமை. அறபு நெடுங்கணக்கில் இல்லாத தமிழொலிகளுக்காகக் கூட்டிய புள்ளிகளை அறிந்தவர் தொகை ஆண்டுதோறும் சுருங்குகிறது.

படத்தில் இருப்பவர் இன்னார் என்பதற்குச் சான்று யாது? ஹதீஸ் கலையினர் யார் சொல்லக் கேட்டார், அவர் யாரிடம் கேட்டார் என்ற தொடரின்றி எதையும் ஏற்கவில்லை. குடும்பப் படத்துக்கும் அந்த இஸ்னாது பொருந்தும். ‘இடமிருந்து இரண்டாமவர் பெரியவாப்பா, சொன்னவர் மூத்த மாமி, 2019’ என்று இருந்தால், நாளை ஐயம் எழும்போது எடைபோட வழியுண்டு. படத்தின் பின்புறத்தையும் தவறாது படியெடுக்க வேண்டும். அங்கே ஒருவர் தவறாக எழுதியிருந்தாலும் அழித்தல் கூடாது. பிழையென்று தோன்றுவதை மூலத்தில் அப்படியே விட்டு, அடையாளமிட்டு, சரியானதை ஓரத்தில் எழுதுவதே நன்று என்பது அந்த அறிஞர் நெறி. பிழையென்று நாம் கருதியது பின்னொருநாள் சரியென நிறுவப்படலாம் அல்லவா? கறை நீக்கி வண்ணம் தீட்டிய படத்தைத் தனிக் கோப்பாக்கி, முதற்படியைத் தொடாது வைப்பதும் இவ்வகையினதே. படிகளுள் ஒன்றேனும் வேறூரில் உள்ள உறவினரிடம் இருப்பது காப்பு. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது குண்டு விழுந்தபின் உயிரை மட்டும் கையிற்பிடித்துத் திரும்பிய நம்மவர், கடைக் கணக்குகளையும் படங்களையும் அங்கேயே விட்டு வந்தனர். மறுபடி எங்கும் இல்லை.

உமர் (ரலி) அவர்கள் மானியப் பதிவேட்டை ஏற்படுத்தியபோது, அகீல், மக்ரமா, ஜுபைர் என்ற வமிசாவளி வல்லுநர் மூவர் அதை எழுதினர். முதலில் ஹாஷிம் கிளையையும், அடுத்து அபூபக்ர் (ரலி) அவர்களின் கிளையையும், மூன்றாவதாக உமரின் கிளையையும் வைத்தனர். கலீஃபா ஒப்பவில்லை. பெருமானாருக்கு உறவால் நெருங்கியோர் வரிசையில் தம் கிளை எங்கே விழுகிறதோ அங்கேயே வைக்கப் பணித்தார்கள். இன்று சில குடும்ப மலர்களில் செல்வந்தர் கிளை முழுப்பக்கம் பெறுவதையும், நொடித்த கிளை ‘மற்றும் பலர்’ ஆவதையும் காண்கிறோம்.

இது பெருமைக்கான பொழுதுபோக்கன்று. பங்கு பிரிக்காமல் மூன்று தலைமுறை கிடந்த வீட்டைப் பாகம் செய்ய ஆலிமிடம் வருவோரை அவர் முதலில் கேட்பது, எவர் முன்னே இறந்தார் என்பதே. அண்ணனும் தம்பியும் ஒரே மாதத்தில் இறந்திருந்தால், முந்தியவருக்குப் பிந்தியவர் வாரிசாகலாம். அவர் பங்கு பின் அவர் மக்களுக்குச் செல்லும். வரிசை அறியவே முடியாவிடில் ஒருவருக்கொருவர் வாரிசாகார் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின் தீர்ப்பு. இறந்த நாளைத் தெளிவாகக் காட்டும் ஒரு சான்றிதழ், விதவை ஒருத்தியின் கூரையை நிர்ணயிக்கும்.

எந்தப் படத்திலும் காணாத உறவு ஒன்று உண்டு. அதற்கும் ஒரு கோப்பு வேண்டும். ஈன்ற தாய் நோயுற்றபோது பால் கொடுத்தவர் யார் என்பதைப் பாட்டிமார் நினைவே சுமந்து வந்தது. பால்குடிச் சகோதரருக்குள் மணம் விலக்கப்பட்டதாயிற்றே. ஷாஃபிஈ மத்ஹபில் ஐந்து முறை குடித்தால்தான் அந்த உறவு உண்டாகும். ஹனஃபீயில் ஒருமுறையே போதும். ஆகவே குடித்த குழந்தை, கொடுத்தவர், எத்தனை முறை, எந்த ஆண்டு, சொன்னவர் யார் என்ற ஐந்தும் அக்கோப்பில் இடம்பெறுதல் வேண்டும்.